நாரை ஏந்தலுக்கு வந்துகொண்டிருப்பவர்கள்

நாரை ஏந்தலிலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரலாம், வந்துகொண்டே இருக்கலாம், ஆனால் வந்து சேர முடியாது என்பது அந்தத் தடத்தில் ஓடிய ஒரே பேருந்தின் நடத்துநருக்குக்கூடத் தெரிந்திருந்தபடியால், அந்த ஊருக்குச் சீட்டுக் கேட்பவர்களின் முகத்தை அவர் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "கரைக்கா, ஊருக்குள்ளயா?" என்று விசாரிப்பதை வழக்கமாக்கிக்கொண்டிருந்தார்.

நாகவல்லி, ஐம்பத்தொன்பது வயதில், கறுப்புக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சன்னலோரத்தில் தன் சம்பந்தியம்மாள் மயிலாத்தாளை உட்காரவைத்துக்கொண்டு, "ஊருக்குள்ள. ரெண்டு பேரு" என்றாள்.

"நீங்க வந்தவுகளா ஆத்தா, போனவுகளா?"

"போனவதான். இருபத்தேழு வருசமாச்சு. ஆனா நான் மண்ணு எடுக்கல."

நடத்துநர் கரைக்கு ஒன்றும் ஊருக்குள் ஒன்றுமாக இரண்டு சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, அதென்னங்க போனவங்க வந்தவங்க?" என்று மயிலாத்தாள் கேட்டாள். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பைவிட்டு இவ்வளவு தொலைவு அவள் வந்தது அதுவே முதல் முறை. தன் மகளை நாகவல்லியின் மகனுக்குக் கொடுத்த நாளிலிருந்து, பொங்கலுக்கும் ஆடி நோன்புக்கும் தவறாமல், "உங்க ஊரைக் கண்ணுலயே காட்ட மாட்டீங்களாட்ட இருக்குதுங்" என்று குறைசொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

"அது எங்கூருல ஒரு மொறை சம்பந்தி. நமக்கு இல்ல" என்று நாகவல்லி சொன்னாள்.

பிடிமண் என்பது இராமநாதபுரம் சீமைக்குப் புதியதன்று. பிழைக்கப் போகிறவர்கள் குலதெய்வத்தின் காலடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, போகிற இடத்தில் அதை வைத்து ஒரு பீடமாவது எழுப்பிக் கும்பிடுவார்கள். அப்படிச் செய்தால் ஊர் தங்களைவிட்டுப் போகாது என்பது அவர்கள் எண்ணம். நாரை ஏந்தலில் கண்மாய் வற்றத் தொடங்கிய காலத்தில், இருளப்பசாமி கோயில் மண்ணை முடிந்துகொண்டு சிலர் பட்டாளத்துக்கும், சிலர் துறைமுகத்துக்கும், பலர் வடக்கே உருக்காலை நகரத்துக்கும் போனார்கள். ஊர் தங்களோடு வந்துவிட்டதென்று அவர்கள் நம்பியதை மண்ணும் நம்பிவிட்டது. எடுத்துப்போன இடத்தில் ஊர் இருக்கும்போது இங்கே எதை வந்தடையப் போகிறார்கள் என்று அது பேசாமல் இருந்துவிட்டது. காரணம் என்று ஊரார் சொல்லிக்கொண்டது இவ்வளவுதான். இதற்குமேல் காரணம் தேட அவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை.

முதன்முதலாக வந்து சேராதவர் ஹவில்தார் சிங்கத்துரை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால், மாசி மாதத்துக் காலை ஒன்றில், பச்சைத் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் கண்மாய்க்கரையிலிருந்து இறங்கியதை அவர் மனைவி பேச்சியம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு உலை வைத்தாள். சோறு வெந்து, வடிந்து, ஆறிய பின்னும் அவர் வந்துகொண்டிருந்தார். கால்கள் நடந்தன, கைகள் வீசின, புழுதிகூடக் கிளம்பியது, ஆனால் பாதி வழியில் நின்ற ஒற்றைப் பனையை அவர் தாண்டவில்லை. பொறுக்கமாட்டாமல் பேச்சியம்மாளும் இறங்கி எதிரே நடந்தாள். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நோக்கிப் பொழுது சாயும்வரை நடந்துவிட்டு, அவர் கரைக்கும் அவள் வீட்டுக்குமாகத் திரும்பிப் போனார்கள். டவுனில் சந்தித்துக்கொள்ளலாமென்று இருவரும் வெவ்வேறு வழியாகப் பேருந்து நிலையத்துக்குப் போனபோது, அங்கேயும் தேநீர்க்கடைக்கும் பழக்கடைக்கும் நடுவில் அதே தூரம் வந்து விழுந்தது.

ஊர் மூன்று நாள் திகைத்தது. நான்காம் நாள் களையெடுக்கப் போய்விட்டது.

அதன்பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அப்படியே நடந்ததால், நாரை ஏந்தல் தன் காரியங்களை அதற்கேற்றபடி மாற்றிக்கொண்டது. போனவர்களை ஏற்றிய பேருந்து ஒருமுறை கரையிலிருந்து ஊருக்குப் புறப்பட்டு, டீசல் தீருமட்டும் ஓடி நின்றபோது, கரைப் புளியமரம் பின்கண்ணாடியில் அப்படியே இருந்தது; அன்றுமுதல் போனவர்களைக் கரையிலேயே இறக்கிவிட வேண்டுமென்று உத்தரவாயிற்று. வீட்டையும் கரையையும் கயிற்றால் பிணைத்து இழுத்துப் பார்த்தார்கள். நிலைவாசல்தான் பெயர்ந்து வந்தது. நில அளவைக்காரர் வந்து கரைக்கும் ஊருக்கும் நடுவே சங்கிலி பிடித்து, இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று எழுதிக்கொண்டு போனார். அவர் வெளியூர்க்காரர், அவருக்கு அது அவ்வளவுதான். உருக்காலை நகரத்தில் ஐம்பது குடும்பங்களின் பிடிமண்ணையும் ஒன்றாகக் கொட்டித் தளம் போட்டுக் கோயில் கட்டியிருந்தார்கள். எவருடைய பிடி எதுவென்று பிரிக்க வழியில்லாமல், ஒருவர் தளத்தையே உடைத்து ஒரு மூட்டை கொண்டுவந்து இருளப்பர் காலில் சேர்ப்பித்தார். ஓர் அடிகூடக் குறையவில்லை.

ஆகவே கரைமேல் தகரக் கொட்டகை போட்டார்கள். கல்யாணங்களில் மணமக்கள் ஒருமுறை கரையைப் பார்த்துத் திரும்பி நிற்பது சடங்காயிற்று. பிறந்த குழந்தையை முறத்தில் வைத்து உயர்த்திக் காட்டினார்கள். தொட வேண்டியவற்றுக்கு மட்டும் வெளியூர்க்காரர்களின் தயவு தேவைப்பட்டது. கரிமூட்டை ஏற்ற வந்த லாரிக்காரரும், பாத்திரக்காரரும், தேர்தல் வேலைக்கு வந்த ஆசிரியரும், வந்த வேலையை முடித்துவிட்டு, யாரோ ஒருவருடைய தாயின் காலைத் தொட்டுவிட்டும், யாரோ ஒருவருடைய பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டும் போனார்கள். இதற்கு மாற்றுக்கை என்று பெயர். கரையில் தேநீர்க்கடை வைத்திருந்த வில்லாயுதம், பக்கத்து ஊர்க்காரன் ஆகையால், நாளொன்றுக்கு நான்கைந்து மாற்றுக்கை போய்வந்தான்.

நாகவல்லி இவற்றையெல்லாம் அக்காள் இருளாயி மூலம் தொலைபேசியில் கேட்டிருந்தாள். கேட்டு, மண் எடுத்தவர்களுக்காக இரக்கப்பட்டுமிருந்தாள். அவள் எடுக்கவில்லை. அவள் ஊரைவிட்டுக் கிளம்பிய காலையில், படுக்கையாகக் கிடந்த தகப்பனை அக்காளிடம் விட்டுவிட்டு, "இனி இந்தப் புழுதியில கால வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இருளப்பர் கோயில் இருந்த திசையைக்கூடத் திரும்பிப் பாராமல் உருக்காலை நகரத்துக்குப் போனவள். அக்காள் வழியனுப்ப வெளியே வரவில்லை. முதற் சில ஆண்டுகள் கோபத்தினாலும், தகப்பன் இறந்த பிறகு வெட்கத்தினாலும், பின்பு பழக்கத்தினாலும் அவள் வராமலே இருந்துவிட்டாள். சென்ற வாரம் இருளாயி, இளைப்புக்கு நடுவே, "ஒரு தரம் வந்து கையப் புடிச்சுட்டுப் போத்தா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று சொன்னபோது, தான் போனால் போய்ச் சேர்ந்துவிடக்கூடியவள் என்பதில் அவளுக்கு ஐயமே இருக்கவில்லை.

கரை வந்ததும் நடத்துநர் விசில் ஊதினார். நாகவல்லி எழுந்திருக்கவில்லை. ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு, காதைக் குடைந்துகொண்டு காத்திருந்தார். ஐந்து நிமிடம் கழித்து அவள் இறங்கினாள். தனியாகப் போகத் தெரியாத மயிலாத்தாளும் பின்னாலேயே இறங்கினாள்.

"பாருங்க சம்பந்தி" என்று நாகவல்லி கரைமேல் நின்று கையை நீட்டினாள். "அதான் எங்க கண்மாய். தாமரையா பூத்துக் கெடக்கும்."

கண்மாய் முழுவதும் சீமைக் கருவேலம் மண்டி நின்றது. மயிலாத்தாள் மரியாதையாக, "ஆமாங்க, பூத்துதுன்னா நல்லாத்தான் இருக்குமுங்க" என்றாள்.

"அந்தா, நீலக் கதவு தெரியுதா? அதான் நம்ம வீடு. எட்டுத் தூணு. கெணத்துத் தண்ணி எளநி மாதிரி இருக்கும்."

வில்லாயுதம் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தேநீரை நீட்டினான். நாற்பது வயதுக்காரன், எல்லோரிடமும் பாதி கேலியாகவே பேசுகிறவன். "குடிச்சுட்டு நடங்க ஆத்தா. வெறும் வயித்தோட போனவுக பனைக்கிட்ட மயங்கி விழுகுறாக. தூக்கியாந்து தூக்கியாந்து என் முதுகு போச்சு."

"நான் மண்ணு எடுக்கலப்பா."

"சரித்தா."

"என்ன சரித்தா? நெசமாத்தான் சொல்றேன்."

"நானும் நெசமாத்தான சரிங்கிறேன். சீனி பத்துமா?"

இரண்டு பெண்களும் கரையிலிருந்து இறங்கினார்கள். சரிவில் மயிலாத்தாளுக்குக் கால் வழுக்கியதால் நாகவல்லி அவள் கையைப் பற்றிக்கொண்டாள். கீழே வந்ததும் விட்டாள். மயிலாத்தாள் பருத்த உடம்புக்காரி, பத்து எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறவள். அப்படியிருந்தும், தோப்பில் போன ஆண்டு விழுந்த தேங்காய்களின் கணக்கைச் சொல்லிக்கொண்டே நடந்தவள், பேச்சுக்கு மறுமொழி வராததைக் கண்டு திரும்பிப் பார்த்தபோது, நாகவல்லி வெகு பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"சித்தெ வெரசா வாங்க சம்பந்தி. நானே நடக்கறனுங்களே."

நாகவல்லி விரைந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறக்குறைய ஓடினாள். மயிலாத்தாள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தும் அவளை நெருங்க முடியவில்லை. கடைசியில் மயிலாத்தாள்தான் நான்கே எட்டில் திரும்பி வந்தாள்.

"என்னங்க இது?"

நாகவல்லி சம்பந்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நடந்தாள். இப்போது இருவருமே நடந்தார்கள். பனை அருகில் வரவுமில்லை, கரை தொலைவில் போகவுமில்லை. நிழல் மட்டும் காலடியில் குறுகிக்கொண்டே வந்து உச்சிவெயிலாயிற்று.

அப்போது பின்னாலிருந்து, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர், தேய்ந்த பட்டாளத்துக் காலணியோடு, சீராக நடந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். சிங்கத்துரை காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குவார், ஐந்து மணிக்குக் கொட்டகைக்குத் திரும்புவார், ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைப்பார்.

"புதுசா?" என்று கேட்டார்.

"நான் மண்ணு எடுக்கல அண்ணே."

"மொத வாரம் எல்லாரும் சொல்றதுதான் தங்கச்சி." அவர் மயிலாத்தாளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். "இவுக வெளியூரா? அப்ப அவுக கைய விடு. நீ புடிச்சிருக்கிற மட்டும் அவுகளும் போகமுடியாது. உள்ள யாரு இருக்கா?"

"அக்கா. படுக்கையா கெடக்கா."

"அப்ப சீக்கிரம் விடு" என்று சொல்லிவிட்டு அவர் தம் நடையைத் தொடர்ந்தார்.

நாகவல்லி உடனே விடவில்லை. விட்டால் தான் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவள் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவளுக்குத் தெரிந்தது. விடாவிட்டால் நீலக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி எவர் கையும் படாமல் போய்விடுவாள் என்பதும் தெரிந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"போங்க சம்பந்தி. போய் அவ கையப் புடிச்சுக்கங்க. ஃபோன மட்டும் அணைச்சுறாதீங்க."

மயிலாத்தாள் தன் தொலைபேசியிலிருந்து நாகவல்லியை அழைத்து, அதை அணைக்காமலே முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, இருநூறு எட்டில் நீலக் கதவை அடைந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்து உள்ளே போனாள். வெயிலில் நின்றுகொண்டு, தான் இருபத்தேழு ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்த ஒரு காரியத்தை வேறொருத்தி அவ்வளவு எளிதாகச் செய்வதை நாகவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதோடு அழுத்திய தொலைபேசியில் முதலில் கோழிச் சத்தம் கேட்டது, பிறகு இளைப்பு, பிறகு அக்காளின் குரல்.

"வந்துட்டியா நாகு?"

இருளாயிக்கு இரு கண்களிலும் புரை விழுந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மயிலாத்தாள் வாயைத் திறந்தால் பொள்ளாச்சி தெரிந்துவிடும், ஆகவே பேசவில்லை. கையை மட்டும் கொடுத்தாள் என்பது, அந்தப் பக்கத்தில் எழுந்த நீண்ட பெருமூச்சிலிருந்து தெரிந்தது.

"மண்ணு எடுக்காதவ வந்துருவான்னு ஊரே சொல்லுச்சு. எனக்குத்தான் பயம். ஏன்னா எனக்குத்தான தெரியும்." இளைப்பு சற்று ஓய்ந்தது. "நீ கோவிச்சுட்டுப் போனீல்ல, அன்னைக்கு விடிய முன்னாடி நான் கோயிலுக்குப் போயி ஒரு பிடி அள்ளியாந்து, ஒன் பித்தளைச் சொம்புக்குள்ள வச்சேன். ஊர மறந்துருவியேன்னுதான் வச்சேன். மூஞ்சி காட்டிக் குடுத்துரும்னு வெளிய வரல. இத்தன வருசமா அதச் சொல்ல வாய் வரலத்தா. எப்படியோ வந்து சேந்துட்ட. இருளப்பர் என்னைய மன்னிச்சுட்டார் போல."

நாகவல்லிக்குச் சொம்பு நினைவு வந்தது. உருக்காலை நகரத்தின் முதல் நாள் காலையில், அடியில் ஏதோ செம்மண் ஒட்டிக்கொண்டிருக்கிறதென்று அதைக் குழாயடியில் கவிழ்த்துக் கழுவியதும் நினைவு வந்தது.

"ஏத்தா பேசமாட்டேங்கிற? நான் செஞ்சதுக்குக் கோவமா?"

பேச வேண்டியவள் பனைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். பக்கத்தில் இருந்தவளுக்குப் பேச வழியில்லை.

"கோவந்தான்" என்று இருளாயி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இருக்கும்ல."

பேசாமல் இருந்தால் அக்காளுக்குத் தங்கையின் கை மிஞ்சும். பேசினால் தங்கையின் மன்னிப்பு மிஞ்சும், கை அந்நியர் கையாகிவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க நாரை ஏந்தலில் எவருக்கும் வழி தெரிந்திருக்கவில்லை. நாகவல்லி தொலைபேசியை வாய்க்கு அருகில் கொண்டுவந்தாள்.

"கோவம் இல்லக்கா."

அந்தப் பக்கத்தில் இளைப்பு மேலேறி மெல்லத் தணிந்தது.

"தூரத்துலருந்துதான் பேசுறியா?" என்றாள் இருளாயி. "எங்க நிக்கிற?"

"பனைக்கிட்டக்கா."

"வெயிலாச்சேத்தா." பிறகு, "அப்ப இது யாரு கையி?"

"நானுங்க, மயிலாத்தா. உங்க தங்கச்சிக்குச் சம்பந்தி ஆகோணுங்க. தப்பா எடுத்துக்காதீங்க அக்கா."

"தப்பு என்ன இருக்கு. சம்பந்தி வீட்டுக்காரவுக மொத மொத வந்திருக்கீக, ஒரு வாய்த் தண்ணி குடுக்க நாதி இல்ல." இருளாயி இருமி ஓய்ந்தாள். "கைய எடுத்துறாதீக. சூடா இருக்கு. நாகு கைய நீங்க தொட்டுருக்கீகளா?"

"காலையில கூடத் தொட்டனுங்க. கரையில எறங்கறப்பப் புடிச்சுக் கூட்டியாந்தாங்க."

"எப்படி இருக்கு? சொல்லுங்க."

மயிலாத்தாள், எதைச் சொல்வதானாலும் தென்னையைப் பற்றிச் சொல்வதுபோல் விவரமாகச் சொல்லத் தெரிந்தவள், சற்று யோசித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்: உள்ளங்கை அகலமானதென்றும், தோல் காய்ந்த மட்டையைப்போல் சொரசொரப்பாக இருக்கிறதென்றும், பெருவிரலில் ஒரு வெடிப்பு உண்டென்றும், மோதிரம் கழற்ற வராமல் சதைக்குள் பதிந்துபோயிருக்கிறதென்றும், பிடித்தால் வலிக்கும்படி பிடிப்பாளென்றும் அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பனைக்கு இந்தப் பக்கத்தில் நாகவல்லி தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ம்" என்று இருளாயி ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். சொன்னதைக்கொண்டு ஒரு கையை உருட்டிச் செய்ய முயன்று, அது கூடிவராததைப்போல அந்த "ம்" வரவர மெலிந்தது.

ஒரு பகல் சுற்றிப்பார்க்க வந்த மயிலாத்தாள் அந்த வீட்டில் மூன்று நாள் இருந்தாள். தலைக்குமேல் வேலை கிடந்தது: கஞ்சி காய்ச்சினாள், படுக்கைப்புண்ணைத் துடைத்தாள், துணி மாற்றினாள், இவை அனைத்தையும் தொலைபேசியை அணைக்காமலே செய்தாள், மின்னேற்றம் தீர்ந்தால் செருகிவிட்டு மறுபடியும் அழைத்தாள். நாகவல்லி பகலெல்லாம் சிங்கத்துரையோடு நடந்தாள். மாலையில் கொட்டகையில் கால்களை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது, ஊரைக் காட்டக் கூட்டிவந்தவளுக்கு, வந்தவள் ஊரைக் காட்டினாள்.

"தூணு எட்டு இல்லீங்க சம்பந்தி, நாலுதானுங்க இருக்குது. அதுலயும் ஒண்ணு செங்கல்லு வெச்சுப் பூசுனதுங்க."

"நல்லா எண்ணிப் பாருங்க."

"மூணு தரம் எண்ணிட்டனுங்க. அப்புறம், நீங்க கோவிச்சுக்கப்படாது, கெணத்துத் தண்ணி உப்புங்க. அக்காவக் கேட்டா, எப்பவுமே உப்புதானுங்கறாங்க."

நாகவல்லி வாதாடிப் பார்த்தாள். கொல்லையில் எலுமிச்சை இருந்ததென்றாள். இல்லை, இருந்ததேயில்லை என்று அக்காள் சொல்வதாக மறுமொழி வந்தது. மேற்குச் சுவரில் தான் கரியால் எழுதிய பெயர் இருக்கும் என்றாள். சுண்ணாம்பு அடித்திருக்கிறதென்று மறுமொழி வந்தது. மூன்றாம் நாள் காலைக்குள், அவள் உருக்காலை நகரத்திலும், பின்பு மகனோடு கோயம்புத்தூரிலும் மனத்தில் வைத்துக் காப்பாற்றிய வீட்டில், வாசற்கதவின் நீலத்தைத் தவிர மற்றவையெல்லாம் போய்விட்டன. அந்த நீலமும் இரண்டாண்டுகளுக்கு முன்னால் அடித்ததென்று மயிலாத்தாள் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டாள்.

அன்று நடுப்பகலில், நாகவல்லி நடந்துகொண்டிருந்தபோது, காதிலிருந்த இளைப்பு நின்றது. அவள் இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அது நின்றதை உணர்ந்தாள்.

மயிலாத்தாள் வாசலுக்கு வந்து, கூந்தலை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கரையைப் பார்த்து நின்றாள். அவள் ஊரில் அது வழக்கமோ என்னவோ, நாரை ஏந்தலுக்கு அது போதுமானதாக இருந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஒலிபெருக்கியைத் திருப்பிக் கரைப் பக்கமாக வைத்தார்கள். எவரும் எவரிடமும் என்ன செய்வதென்று கேட்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் அவர்கள் இதையெல்லாம் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

வில்லாயுதம் கடையை மூடிவிட்டு, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பனையடிக்கு வந்தான். கேலி இல்லாத அவன் முகம் வேறொருவன் முகம்போல் இருந்தது.

"வாய்க்கரிசிக்குக் கூப்பிடுறாக ஆத்தா. ஒடம்பொறப்பு நீங்க ஒருத்திதான். மாற்றுக்கை நான் போகவா, அந்தம்மாவே போடட்டுமா?"

"அவுகளே போடட்டும்" என்றாள் நாகவல்லி.

சிங்கத்துரை காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கருகில் நின்றார். நீலக் கதவுக்கு முன்னால் கூட்டம் விலகி வழிவிட்டது. நடுவில் பருத்த உருவம் ஒன்று குனிவது தெரிந்தது.

"சம்பந்தி" என்று தொலைபேசியில் மயிலாத்தாளின் குரல் வந்தது. "எனக்கு ஒறவு மொறை ஒண்ணும் இல்லீங்களே. நான் போடலாமுங்களா? அக்கா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்களா?"

"மாட்டா. ஒங்க கைய அவளுக்குத் தெரியும். போடுங்க."

"உங்க பேரச் சொல்லிப் போடட்டுங்களா, எம்பேரச் சொல்லிங்களா?"

நாகவல்லி நீலக் கதவைப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று அளவைக்காரர் எழுதிக்கொண்டு போன தூரத்தின் மறுமுனையில், வெயிலில், அது ஒரு விரல் நகத்தளவு இருந்தது.

"ஒங்க பேரையே சொல்லுங்க சம்பந்தி. வந்தது நீங்கதான்."

பிறகு அவள் தொலைபேசியைக் காதோடு சேர்த்து, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக் கேட்டாள். அரிசி விழுகிற சத்தம் அவ்வளவு தொலைவுக்குக் கேட்கவில்லை.